நெட்டைச்சி ஏறாத படகு

என் அண்ணி ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் டெக்னீஷியன். சிறுநீரகம் வேலை செய்யாதவர்களின் ரத்தத்தை வெளியே எடுத்து, மெஷினில் சுத்தம் செய்து, மறுபடியும் உடம்புக்குள் அனுப்புகிற வேலை. ஒரு ஆளுக்கு வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். அண்ணியின் பொறுப்பில் ஆறு கட்டில். வார்டில் அவருக்குப் பட்டப்பெயர் ‘ஒரே குத்து’. அங்கே போடுகிற ஊசி தடிமனானது. மற்றவர்கள் நரம்பைத் தேடி இரண்டு மூன்று தடவை குத்துவார்கள். அண்ணி கையைத் தடவிப் பார்ப்பார், பிறகு ஒரே தடவையில் இறக்கிவிடுவார். அவர் லீவு போட்ட நாளில் நோயாளிகள் கையை நீட்டவே யோசிப்பார்களாம்.

நான் அவருடைய நாத்தனார். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கதைப் புத்தகத்தைத் திறந்தால் எனக்கு இரண்டாவது பக்கத்தில் கொட்டாவி வரும். அப்படிப்பட்டவள் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன் என்றால், இதில் நடந்த பாதிக்கு நானும் கூட இருந்தேன் என்பதுதான் காரணம்.

கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்தபோது அண்ணி ஒரு பெட்டி நிறையத் துணியும், ஒரு துணிப்பையில் ஐந்து புத்தகங்களும் கொண்டுவந்தார். எல்லாம் அட்டை தேய்ந்து, முதுகில் டேப் ஒட்டிய புத்தகங்கள். முதல் மாதத்திலேயே என் அண்ணன் அதில் ஒன்றை எடுத்து, ஆடிக்கொண்டிருந்த சாப்பாட்டு மேசையின் காலுக்கு முட்டுக் கொடுத்துவிட்டான். அண்ணி புத்தகத்தை உருவி எடுத்துத் தூசி தட்டினார். அந்த இடத்தில் அண்ணனின் பட்டச் சான்றிதழ் இருந்த ஃபைலை மடித்துச் செருகினார். மேசை ஆடாமல் நின்றது. அண்ணன் அதைக் கண்டுபிடிக்க நாலு நாள் ஆனது. அதற்குப் பிறகு அந்தப் புத்தகங்களை எங்கள் வீட்டில் யாரும் தொட்டதில்லை.

அவை நெட்டைச்சி புத்தகங்கள். வாசகர்கள் அப்படித்தான் சொல்வார்கள். வயதுக்கு மீறி வளர்ந்த ஒரு பெண் பிள்ளை. ஊரே அவளை நெட்டைச்சி என்று கூப்பிடும். ஆற்றுக்கு நடுவே ஒரு தீவில், படகுத்துறையில் டிக்கெட் கிழிக்கிற அப்பாவோடு இருக்கிறாள். நிலம் அளக்கிற சர்வேயர் ஆக வேண்டும் என்பது அவள் ஆசை. முதல் புத்தகத்தில் அவளுக்குப் பத்து வயது, ஐந்தாவதில் பதினெட்டு. இரண்டு வருஷத்துக்கு ஒன்றாக வெளிவந்தன. அண்ணிக்கும் ஏறக்குறைய அதே வயது. அவர் வளர வளர அவளும் கூடவே வளர்ந்திருக்கிறாள்.

அண்ணிக்கு அம்மா இல்லை. அப்பாவுக்குப் பஞ்சர் கடை. நல்ல மனிதர், ஆனால் பேச்சு குறைவு. கடைக்கு எதிரே நூலகம் இருந்ததால், பள்ளிக்கூடம் விட்டதும் அங்கே போய் உட்கார் என்று அனுப்பிவிடுவாராம். பதினோரு வயதில் அங்கே முதல் புத்தகம் கையில் கிடைத்தது. அன்றைக்கு மூடுகிற நேரத்தில் நூலகர் வந்து விளக்கை அணைத்தபோதுதான் தலையை நிமிர்த்தினாராம். பிறகு ஒவ்வொரு புத்தகத்துக்கும் காத்திருந்து, வரிசையில் முதல் ஆளாகப் பெயர் கொடுத்து வாங்கிப் படித்தார். சம்பாதிக்க ஆரம்பித்ததும் பழைய புத்தகக் கடைகளில் தேடி ஐந்தையும் சொந்தமாக்கிக்கொண்டார்.

பதினெட்டு வயதில் வேறு ஊரில் டெக்னீஷியன் படிப்புக்கு இடம் கிடைத்தது. அப்பா போகக் கூடாது என்றார். அண்ணி போயே தீருவேன் என்றார். போயும் விட்டார். நாலு மாதம் இருவருக்கும் கடிதம் கிடையாது, போன் கிடையாது. அந்த நேரத்தில்தான் ஐந்தாவது புத்தகம் வந்தது. ஒரு விடுமுறை நாளில் ஹாஸ்டல் கட்டிலில் சாய்ந்து ஒரே மூச்சில் படித்து முடித்தார். கதையில் நெட்டைச்சியும் அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு சர்வேயர் படிப்புக்குப் போயிருக்கிறாள். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று தெரிகிறது. கடைசி அத்தியாயத்தில் படிப்பை விட்டுவிட்டுப் படகேறி வீட்டுக்கு வருகிறாள். துறையில் அப்பா குடை பிடித்துக்கொண்டு நிற்கிறார். மழையே இல்லை, ஆனாலும் குடையை அவள் தலைக்கு மேலே பிடிக்கிறார். அத்தோடு புத்தகம் முடிகிறது. அந்தப் பக்கத்தைப் படித்து அழாதவர்கள் இல்லை என்பார்கள்.

மறுநாள் காலை அண்ணி பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். அப்பா கடை வாசலில் ஒரு டயரைக் கழற்றிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்து, “சாப்டியா?” என்று கேட்டார். அவ்வளவுதான். கல்லூரியில் இடம் போனது. இரண்டு வருஷம் கடையில் உட்கார்ந்து பஞ்சர் ஒட்டினார். பிறகு பக்கத்திலேயே இருந்த ஆஸ்பத்திரியில் மறுபடியும் முதலிலிருந்து படித்து, இருபத்து மூன்று வயதில் வேலைக்குச் சேர்ந்தார்.

இதெல்லாம் எனக்கு ரொம்ப நாள் தெரியாது. படிப்பு ஏன் தள்ளிப்போனது என்று கேட்டால், குடும்பச் சூழ்நிலை என்று முடித்துவிடுவார்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அண்ணியின் வார்டுக்குப் புதிதாக ஒரு அம்மா வந்தார். எழுபத்தைந்து வயது. துறைமுக அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தனியாக ஒரு அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார். வாய் கொஞ்சம் காரம். டாக்டர் எழுதிய குறிப்பை வாங்கிப் படித்துவிட்டு, இதில் எழுவாய் எங்கே என்று கேட்டாராம். ஜன்னலோரக் கட்டில் கிடைக்கும்வரை வந்த நாளெல்லாம் ஒரு புகார். முதல் நாள் அண்ணி ஊசி போட்டபோது மட்டும் எதுவும் சொல்லாமல் அண்ணியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாராம்.

நாலாவது வாரம் அவர் அண்ணியிடம் ஒரு உதவி கேட்டார். இடது கை மெஷினோடு கட்டுண்டு கிடக்கிறது. வலது கை நடுங்குகிறது. ஒரு கடிதம் எழுத வேண்டும். அண்ணி பேட் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். அந்த அம்மா ஒரு பழைய பதிப்பகத்தின் பெயரைச் சொன்னார். என் புத்தகங்களில் ஒரு பிரதிகூட இப்போது என்னிடம் இல்லை, மிச்சம் இருந்தால் ஒரு செட் அனுப்பவும் என்றார். பிறகு புத்தகங்களின் பெயரை ஒன்றொன்றாகச் சொன்னார்.

முதல் பெயரை எழுதும்போதே அண்ணியின் பேனா நின்றுவிட்டது. அது நெட்டைச்சியின் முதல் புத்தகம். அந்த அம்மா அவற்றைப் புனைபெயரில் எழுதியிருந்தார். எந்தப் புத்தகத்திலும் போட்டோ கிடையாது.

“என்னம்மா, எழுத்து தெரியலையா?” என்றார் அந்த அம்மா.

அண்ணி எழுந்து போய்ப் பக்கத்துக் கட்டில் மெஷினைச் சரிபார்த்தார். அதில் சரிபார்க்க ஒன்றுமில்லை. திரும்பி வந்து மிச்சக் கடிதத்தை எழுதி முடித்தார். ஷிஃப்ட் முடிகிறபோதுதான், ஐந்தும் என் வீட்டில் இருக்கிறது, நாளை மறுநாள் கொண்டுவருகிறேன் என்று மட்டும் சொன்னார். அந்த அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. இருக்கிற ஒரு வாசகியையும் புத்தகமில்லாமல் ஆக்கிவிட்டு எனக்கு என்ன கிடைக்கப்போகிறது என்றாராம்.

தனக்கு மிச்சமிருக்கிற வாசகி அண்ணி ஒருத்திதான் என்று அந்த அம்மா நிஜமாகவே நம்பிக்கொண்டிருந்தார். அதுதான் அண்ணிக்குப் பொறுக்கவில்லை. வீட்டுக்கு வந்து கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல், அந்தப் புத்தகங்கள் மறுபடியும் அச்சில் வரணும், அவர் கண்ணால் பார்க்கணும் என்றார். யார் போடுவார்கள் என்று நான் கேட்டேன். அதைத்தான் தேடணும் என்றார்.

கடிதத்துக்குப் பதில் வரவில்லை. அண்ணி நேரில் போனார். பதிப்பகம் இருந்த கட்டடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிக் கடை இருந்தது. பதிப்பாளர் இறந்து பல வருஷமாகிவிட்டது. மகன்தான் கடை நடத்துகிறார். பழைய புத்தகங்கள் எல்லாம் எப்போதோ எடைக்குப் போய்விட்டன. அது பரவாயில்லை. ஆனால் வேறு யாராவது அச்சிட வேண்டுமானால், உரிமை எழுதியவருக்கே உண்டு என்று அந்த மகன் ஒரு கடிதம் தர வேண்டும். அப்பா காலத்து விஷயம் எதுவும் எனக்குத் தெரியாது என்று கையை விரித்துவிட்டார் மகன்.

அண்ணிக்கு வியாழக்கிழமை ஓய்வு. ஒவ்வொரு வியாழக்கிழமையும் அந்தக் கடைக்குப் போய் ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். சண்டை போடவில்லை, கெஞ்சவுமில்லை. உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான். மூன்றாவது வாரம் ஒரு வாடிக்கையாளர் அண்ணியைக் கடைக்காரம்மா என்று நினைத்துக்கொண்டு, எந்த நாற்காலி உழைக்கும் என்று கேட்டிருக்கிறார். வாரம் பூராவும் நோயாளிகளின் துணைக்கு வந்தவர்கள் உட்கார்ந்து உட்கார்ந்து கால் விரிந்த நாற்காலிகளைப் பார்க்கிறவர் அண்ணி. விவரமாகச் சொல்லி ஆறு நாற்காலி விற்றுக் கொடுத்துவிட்டார்.

ஆறாவது வாரம் மகன் எதிரே வந்து நின்றார்.

“அக்கா, நீங்க இங்க வந்து உட்காராம இருக்கணும்னா நான் என்ன பண்ணணும்?”

“ஒரு கையெழுத்து போடணும் தம்பி.”

“அந்தப் புத்தகத்துல அப்படி என்னதான் இருக்கு?”

“போட்டுக் குடுங்க. அச்சாகி வந்ததும் முதல் செட் உங்களுக்குத்தான். படிச்சுட்டு நீங்களே சொல்லுங்க.”

கையெழுத்தும் கடை முத்திரையும் வாங்கிக்கொண்டுதான் எழுந்தார்.

அடுத்தது அச்சிடுகிற ஆள். கணவனும் மனைவியும் இரண்டு அறையில் நடத்துகிற ஒரு சின்னப் பதிப்பகம் பேச்சுக் கொடுத்தது. அந்த மனைவி சின்ன வயதில் முதல் இரண்டு புத்தகங்களைப் படித்திருக்கிறார். ஆனாலும் கறாராக இரண்டு நிபந்தனை சொன்னார். மொத்தப் புத்தகத்தையும் டைப் செய்து கொடுக்க வேண்டும். வாங்கிப் படிப்போம் என்று சொல்கிற முந்நூறு பேரின் பெயர் வேண்டும்.

அண்ணி நூலக வாசலில் ஒரு தாள் ஒட்டினார். ‘நெட்டைச்சியைத் தெரிந்தவர்கள் இந்த நம்பரில் பேசவும்.’ முதல் போனில் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து ஒரு ஏட்டு பேசினார். காணாமல் போன பெண்ணா, என்ன வயசு என்று கேட்டார். பத்துல ஆரம்பிச்சு பதினெட்டு வரைக்கும் என்றார் அண்ணி. விஷயத்தை விளக்கியதும், தன் மனைவிகூட அதைப் படித்திருக்கிறாள், அவள் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள் என்றாராம் அந்த ஏட்டு.

அதற்குப் பிறகு போன் ஓயவில்லை. கட்டட வேலையில் கிரேன் ஓட்டுகிற ஒரு பெண், நீதிமன்றத்தில் டைப் அடிக்கிறவர், கண் டாக்டர் ஒருவர், மகளுக்கு வாசித்துக் காட்டியே ஐந்தையும் முடித்த ஒரு பஸ் டிரைவர். ஒருத்தி, வீட்டில் அப்பாவும் அம்மாவும் சண்டை போடும்போதெல்லாம் மேசைக்கு அடியில் உட்கார்ந்து இரண்டாவது புத்தகத்தைப் படிப்பேன், எத்தனை தடவை என்று எண்ணவில்லை என்றாள். ஒருத்தர் தன் நாய்க்கு நெட்டைச்சி என்று பெயர் வைத்திருந்தார். குட்டையான நாயாம். பெயர்ப் பட்டியல் போடும் வேலை என் தலையில் விழுந்தது. இரண்டு மாதத்தில் முந்நூறு தாண்டியது. ஆறாவது மாதம் ஆயிரத்து நூற்று நாற்பது.

வந்த செய்திகளை அண்ணி வார்டில், மெஷின் ஓடுகிற நேரத்தில் அந்த அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவார். முதல் நாள் அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, சளி பிடித்திருக்கிறது என்றார். இரண்டாம் நாள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். மூன்றாம் நாளிலிருந்து, அடுத்ததைப் படி என்று அதட்ட ஆரம்பித்தார். பக்கத்துக் கட்டில்காரர்களும் காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

டைப் செய்கிற வேலையை முப்பத்திரண்டு வாசகர்கள் ஆளுக்கு ஓர் அத்தியாயம் இரண்டு அத்தியாயம் என்று பிரித்துக்கொண்டார்கள். பிழை பார்க்க ஆள் வேண்டும். கதையில் ஆசை இல்லாதவர்தான் எழுத்தை ஒழுங்காகப் பார்ப்பார் என்று அண்ணி என்னைப் பிடித்தார். சரிதான் என்று உட்கார்ந்தேன். இரண்டாவது புத்தகத்தில், நெட்டைச்சி கயிற்றில் முடிச்சுப் போட்டுத் தீவின் சுற்றளவை அளக்கிற இடத்தில், நான் இறங்க வேண்டிய ஸ்டாப்பைத் தாண்டி மூன்று ஸ்டாப் போய்விட்டேன். அண்ணியிடம் இதைச் சொல்லவில்லை. அவருக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. சிரித்தார்.

எல்லாம் முடிகிற கட்டத்தில் அந்த அம்மா வார்டுக்கு ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். அண்ணி ஊசி போட்டு மெஷினை ஓடவிட்டதும் அதை நீட்டினார்.

“இதுதான் அஞ்சாவது புத்தகத்தோட கடைசி அத்தியாயம். இதைப் போடணும்.”

“அது ஏற்கெனவே டைப் பண்ணியாச்சேம்மா.”

“அது நான் எழுதினது இல்லை. பதிப்பாளர் கேட்டது. பொண்ணு வீட்டுக்குத் திரும்பலைன்னா புத்தகமே வராதுன்னார். மாத்திக் குடுத்தேன். இருபத்தாறு வருஷமா அது என் பேர்ல இருக்கு.”

“எல்லாருக்கும் பிடிச்சதே அந்தக் கடைசி அத்தியாயம்தான்.”

“தெரியும். அதனாலதான் வாயைத் திறக்கலை.”

அண்ணி நோட்டை வாங்கிக்கொண்டு வந்தார். ஒரு வாரம் அது எங்கள் வீட்டு அலமாரியில் கிடந்தது. அண்ணி அதைத் திறக்கவில்லை. வேலைக்குப் போனார், வந்தார், சமைத்தார். புத்தகப் பேச்சையே எடுக்கவில்லை. ஏழாம் நாள் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தபோது, நான் கேட்காமலேயே, முதுகைக் காட்டிக்கொண்டு ஹாஸ்டல் கதையையும் பஞ்சர் கடைக் கதையையும் சொன்னார். ஒரு அத்தியாயத்தை நம்பித் தன் வாழ்க்கையைத் திருப்பியிருக்கிறார். அது எழுதியவருக்கே விருப்பமில்லாத அத்தியாயம். துலக்கிய பாத்திரத்தை வாங்கித் துடைத்துவைத்தேன்.

மறுநாள் அதை அந்த அம்மாவிடமே சொல்லிவிட்டார். அதைப் படித்துவிட்டுத்தான் நான் படிப்பை விட்டேன் என்றார். அந்த அம்மாவின் முகம் வெளுத்தது. அதே நேரம் மெஷினில் மணி அடித்தது. ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டிருந்தது. அண்ணி கட்டிலின் தலைப்பக்கத்தைத் தாழ்த்தி, காலை உயர்த்தி, சலைனைத் திறந்துவிட்டு, மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிஷம் நின்றார். அழுத்தம் ஏறியது. கண்ணைத் திறந்ததும் அந்த அம்மா சொன்ன முதல் வார்த்தை, “பழசே இருக்கட்டும்மா. இனிமே அதை மாத்த எனக்கு உரிமை இல்லை.”

அண்ணி தலையாட்டவில்லை.

“நான் வீட்டுக்குப் போனது என் இஷ்டம். எங்கப்பா அதுக்கப்புறம் பதினோரு வருஷம் இருந்தாரு. அதுல ஒரு நாளைக்கூட நான் திருப்பிக் குடுக்க மாட்டேன். ஆனா அவ படகுல ஏறலை. இப்ப எனக்கு அது தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சுக்கிட்டே தப்பா அச்சடிக்க என்னால முடியாதும்மா.”

“நோட்டைப் படிச்சியா?”

“இன்னும் இல்லை. படிக்காமத்தான் சொல்றேன்.”

அந்த அத்தியாயத்தை வேறு யாருக்கும் கொடுக்காமல் அண்ணியே டைப் செய்தார். வியாழக்கிழமை காலை சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தவர், இரண்டே விரலால் தட்டித் தட்டி, ஏழு பக்கத்தை முடிக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. அதில் நெட்டைச்சி பெட்டியோடு துறை வரைக்கும் வருகிறாள். படகு நிற்கிறது. அக்கரையில் அப்பா சின்னதாகத் தெரிகிறார். குடையெல்லாம் இல்லை. வழக்கமான சட்டையில், வழக்கமான இடத்தில், டிக்கெட் கட்டோடு நிற்கிறார். தூரத்தை அளந்து பழகிய கண் அவளுக்கு. இங்கிருந்து அவர் நிற்கிற இடம் வரைக்கும் எத்தனை அடி என்று மனசுக்குள் கணக்குப் போடுகிறாள். விடை வருகிறது. படகுக்காரர் ஏறுகிறாயா என்று கேட்கிறார். இல்லை என்கிறாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு பரீட்சைக்குத் திரும்பி நடக்கிறாள். அழுதுகொண்டேதான் நடக்கிறாள்.

அண்ணி கடைசி வரியைத் தட்டிவிட்டு நாற்காலியைச் சத்தமாகத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

“நல்லாதான் எழுதியிருக்காங்க,” என்றார். கோபமாகச் சொன்னார்.

பெயர் கொடுத்தவர்களுக்காக அண்ணி போனில் தொடங்கியிருந்த வாசகர் குழுவில் இதைச் சொன்னபோது பூகம்பமே வந்துவிட்டது. எங்கள் பிள்ளைப் பருவத்தில் கை வைக்கிறீர்கள் என்றார்கள். இருநூறு பேருக்கு மேல் குழுவை விட்டு வெளியேறினார்கள். டைப் செய்த முப்பத்திரண்டு பேரில் நாலு பேர் தங்கள் அத்தியாயத்தைத் திருப்பிக் கேட்டார்கள். பதிப்பகத்து மனைவிகூட, இரண்டு முடிவையும் போட்டுவிடலாமே, எல்லாருக்கும் திருப்தி என்று சொல்லிப் பார்த்தார். அண்ணி பிடித்த பிடியை விடவில்லை. பழைய முடிவு வேண்டுமென்றால் பழைய புத்தகம் இருக்கிறது, இல்லாதவர்களுக்கு நான் என் பிரதியை இரவல் தருகிறேன், புதுசில் அவர் எழுதியது மட்டும்தான் வரும் என்றார். ஆஸ்பத்திரிக்குப் போகிற பஸ்ஸில் உட்கார்ந்து, கோபப்பட்ட ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார். பாதிப் பேர் திரும்பி வந்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, டயாலிசிஸ் இல்லாத நாளாகப் பார்த்து, நூலகத்தின் வாசிப்பு அறையில் புத்தகங்கள் வெளியாயின. அந்த அம்மாவால் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார முடியாது. அதனால் அண்ணி வரிசையை வார்டு மாதிரியே நடத்தினார். யாரும் கையைப் பிடித்துக் குலுக்கக் கூடாது. இருமல் இருப்பவர்கள் ஜன்னலுக்கு வெளியே நின்று கும்பிட்டுக்கொள்ளலாம். நானூறு பேர் வந்திருந்தார்கள். நாற்காலிக் கடைக்காரரும் வந்து பின்வரிசையில் நின்றார். அண்ணி சொன்ன சொல் தவறாமல் முதல் செட்டை அவர் கையில் கொடுத்தார்.

வரிசையில் நடுவே கிரேன் ஓட்டுகிற பெண் வந்தாள். பழைய ஐந்தாவது புத்தகத்தை மேசையில் வைத்தாள். கண் சிவந்திருந்தது.

“என்னோட நெட்டைச்சி வீட்டுக்குப் போனா,” என்றாள்.

“உங்களோடவ போயிட்டா. அந்தப் புத்தகத்தை வச்சுக்குங்க. என்னோடவ போகலை,” என்றார் அந்த அம்மா. பழையதிலும் கையெழுத்துப் போட்டார், புதியதிலும் போட்டார்.

அவள் நகரவில்லை. பின்னால் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். கொஞ்சம் கழித்து அவள் கேட்டாள், “சரி, திரும்பிப் போனாளே. பரீட்சையில பாஸ் பண்ணாளா?”

அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்தார். தெரியவில்லையே என்றார். பிறகு பக்கத்தில் நின்ற அண்ணியைத் திரும்பிப் பார்த்தார்.

அடுத்த வாரமே ஆறாவது புத்தகம் ஆரம்பமானது. கை நடுங்குவதால் அவரால் எழுத முடியாது, சொல்லத்தான் முடியும். டயாலிசிஸ் நாலு மணி நேரம் ஓடும். ஒரு நோயாளிக்கு ஒரு துணையாள் அனுமதி உண்டு. அண்ணி ஒரு அட்டவணை போட்டார். வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் ஒரு வாசகர் மாஸ்க் போட்டுக்கொண்டு துணையாளாக வந்து உட்கார்ந்து, அவர் சொல்லச் சொல்ல எழுத வேண்டும். நீதிமன்றத்து டைப்பிஸ்ட் வந்தார், பஸ் டிரைவர் வந்தார், கண் டாக்டர் வந்து கையெழுத்துப் புரியவில்லை என்று திட்டு வாங்கிக்கொண்டு போனார். கிரேன் ஓட்டுகிற பெண் மாதத்தில் இரண்டு தடவை வந்தாள். எழுதிக்கொண்டிருப்பவர் நடுவில் ஆலோசனை சொல்லக் கூடாது என்பது அண்ணி போட்ட சட்டம். மீறியவர்கள் பெயர் அட்டவணையிலிருந்து போய்விடும். நெட்டைச்சி பரீட்சையில் முதல் தடவை தோற்றாள். இரண்டாவது தடவை பாஸ் செய்தாள். நாலாவது அத்தியாயத்தில் அவளுடைய அப்பா வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பயணியாகப் படகில் ஏறி அவளைப் பார்க்க வந்தார். அதை எழுதிய அன்று என் முறை. என் கண்ணாடியில் ஆவி படிந்து, இரண்டு வரி விட்டுப்போய், மறுபடி கேட்டு எழுதினேன்.

பதினான்கு மாதத்தில் எட்டு அத்தியாயம் முடிந்தது. ஒன்பதாவது பாதியில் அந்த அம்மாவுக்கு நெஞ்சில் தொற்று வந்தது. ஐந்து நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தார். அண்ணி ஷிஃப்ட் முடிந்து தினமும் போய் நின்றார். ஆறாம் நாள் காலை அவர் போய்விட்டார். அன்றைக்கு அண்ணி லீவு போடவில்லை. ஆறு கட்டிலுக்கும் ஊசி போட்டார். ஜன்னலோரக் கட்டிலில் வேறு ஒருவர் படுத்திருந்தார், அவருக்கும் போட்டார். ஒரே குத்து. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றாமல் கூடத்தில் உட்கார்ந்தவர், விளக்குப் போடும் நேரம் வரைக்கும் எழுந்திருக்கவில்லை. அண்ணன் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.

பத்துப் பதினைந்து நாள் கழித்துப் பேச்சு வந்தது. மிச்சத்தை நாமே எழுதி முடிக்கலாம், அவர் நடை நமக்குத் தெரியாதா என்று குழுவில் பலர் சொன்னார்கள். ஒருவர் எழுதியே அனுப்பிவிட்டார். நன்றாகவும் இருந்தது. அண்ணி அதைப் படித்தார், நன்றி சொன்னார், திருப்பி அனுப்பினார். அவர் சொன்னது எதுவரையோ அதுவரைதான் புத்தகம் என்றார். இந்தத் தடவை யாரும் எதிர்த்துப் பேசவில்லை.

போன மாதம், ஆறாவது புத்தகம் அச்சாகிக்கொண்டிருந்தபோது, அச்சகத்திலிருந்து போன் வந்தது. அண்ணி கை கழுவிக்கொண்டிருந்ததால் நான் எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன். கடைசிப் பக்கத்தில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது, ‘நெட்டைச்சி அளவுச் சங்கிலியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு’ என்பதோடு நிற்கிறது, அடுத்த பக்கத்தை அனுப்புங்கள், மெஷினை நிறுத்தி வைத்திருக்கிறோம் என்றார் அச்சகக்காரர்.

அண்ணி ஈரக் கையோடு வந்து போனுக்குப் பக்கத்தில் குனிந்தார்.

“எதுவும் விட்டுப்போகலைங்க. ‘பிடித்துக்கொண்டு’ங்கிற வரைக்கும்தான். முற்றுப்புள்ளிகூட வேண்டாம். நீங்க ஓட்டுங்க.”